பிறகு நினைவூட்டு

திரையின் வலது மூலையில்
மறுபடி அந்த நீலப் பெட்டி.
அக்டோபரோடு பாதுகாப்பு முடிகிறதாம்.
புதிய பதிப்புக்கு மாறுகிறீர்களா:
இப்போதே, இன்றிரவு, பிறகு.
பிறகை அழுத்துகிறேன்.
கையுறை போட்ட விரலுக்கே
அந்த இடம் மனப்பாடம்.

குத்தாய்சியில் இது மழையின் மூன்றாம் நாள்.
ரியோனி ஆறு பாலத்தடியில்
சேற்று நிறத்தில் உறுமிக்கொண்டு போகிறது.
வரவேற்பறையில் சொட்டும் ஒரே குடை,
பக்கத்தில் ஜும்பர்.
பத்தூமிக்கு மினிபஸ் ஓட்டுகிறவர்.
ஆறு வருடமாகத் தன் கடைவாய்ப் பல்லை
என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுப்
பத்திரமாகத் திருப்பி எடுத்துப்போகிறவர்.

வலிக்கவில்லையே டாக்டர், என்பார்.
திராட்சை அறுவடை முடியட்டும்.
மகள் கல்யாணம் முடியட்டும்.
இதைப் பிடுங்கப்போய் வேறு ஏதாவது கெட்டுவிட்டால்?
நானும் சளைக்காமல் சொல்வேன்:
கிருமிக்கு உங்கள் அறுவடை தெரியாது.

போன வாரம் பத்ரி வந்தான்.
மேசைக்கடியில் மல்லாந்து படுத்துக்
கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்த்தான்.
உள்ளே பத்து வருடத்துப் பஞ்சுத்தூசி.
'புதியதைத் தாங்கும், கொஞ்சம் முனகும்.
உங்கள் எக்ஸ்ரே சென்சார்தான் சந்தேகம்.
அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை.'

இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது, என்றேன்.
ஓடுகிறது, என்றான்.
பள்ளி திறக்கிற கூட்டம் குறையட்டும், என்றேன்.
மாற்றப்போய் வேறு ஏதாவது கெட்டுவிட்டால், என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
அது யாருடைய குரல் என்று உறைத்தது.
பத்ரி தூசியை ஊதிக்கொண்டே சொன்னான்:
வைரஸுக்கு உங்கள் கூட்டம் தெரியாது.

அந்தப் பெட்டிக்குள்
நாலாயிரத்து முந்நூறு வாய்கள் இருக்கின்றன.
தேவாலயப் பாடகரின் உடைந்த வெட்டுப்பல்.
ஒரு நீதிபதியின் பொய்ப்பல் ரகசியம்.
கோப்பு எண் ஒன்றில் என் கட்டைவிரல்,
சென்சார் வாங்கிய அன்று சோதித்துப் பார்த்தது.
படம் விழுமுன் இந்த இயந்திரம்
இரண்டு வினாடி யோசிக்கும்,
பிறகு ஒரு சின்ன 'ணங்'.
நோயாளிகள் பயப்படுவார்கள்.
எனக்கு அது தாளம்.

இன்று ஜும்பர் நாற்காலியில் சாய்ந்து,
வாய்க்குள் என் கண்ணாடியோடு,
கண்ணைத் திரைப்பக்கம் திருப்பி,
'ஆக்கர், அகை ஏங் ஓகோ தகவையும் ஊகுகீங்க?'
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவருக்குப் பல் இருக்கும்போதே பாதிச் சொல்தான்.
கண்ணாடியை வெளியே எடுத்தேன்.
'அதை ஏன் ஒவ்வொரு தடவையும் மூடுகிறீர்கள்?'

அறுவடை முடியட்டும் என்றுதான், என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
தட்டில் குறடைப் பார்த்ததும்
அவர் மட்டும் நிறுத்திக்கொண்டார்.
'சரி, ஒப்பந்தம் டாக்டர். நீங்கள் முதலில்.'
இன்றிரவு நான்.
நாளை ஒன்பது மணிக்கு அவர்.
புது எக்ஸ்ரே எடுக்காமல் பிடுங்க மாட்டேன் என்பதும்,
சென்சார் படுத்துவிட்டால்
தான் தப்பித்தோம் என்பதும்
குடையை எடுக்கும்போதே
அவருக்குக் கணக்காகியிருந்தது.
விசிலடித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

இப்போது மணி பதினொன்று.
நாலாயிரத்து முந்நூறு வாய்களும்
ஒரு கருப்பு வட்டில் நகலாகி
என் கோட்டுப் பையில் கனக்கின்றன.
திரையில் முப்பத்தொரு சதவீதம்.
நாற்பது நிமிடமாக முப்பத்தொன்று.
அணைத்துவிடாதீர்கள் என்கிறது.
கடைசி பஸ் போகிற சத்தம்.

காலையில் அந்த 'ணங்' வருமா,
தெரியாது.
காத்திருக்கையில் நாக்கு தானாகவே போய்
என் மேல்வரிசைக் கடைசிப் பல்லைத் தடவுகிறது.
அங்கே ஒரு குழி.
போன வருடமே தெரியும்.