தீர்மானப் புத்தகம்

ஊத்துக்கோட்டையில்
சத்தியவேடு பஸ் திரும்புகிற இடத்தில் எங்கள் விடுதி.
செங்கல் சூளைக்காரர்களின் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர்.
நான் அங்கே கணக்கு எழுதுகிறவள்.
போன ஆடியிலிருந்து தீர்மானமும் எழுதுகிறேன்.

பணம் கொடுப்பவர்கள் கேட்டார்களாம்,
முடிவெடுக்கும்போது பிள்ளைகள் இருக்கிறார்களா என்று.
இருக்கிறார்கள் என்று பதில் போன பிறகு
ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தோம்.
ஏழு நாற்காலி, பெரியவர்கள் உட்காரும் உயரம்.
கால் தரையைத் தொட்டது கன்னியப்பனுக்கு மட்டும்தான்.

முதல் கூட்டம். செயலாளர் கேட்டார்,
சுவருக்கு என்ன வர்ணம் அடிக்கலாம்?
மஞ்சள் என்றது ஒன்று. நீலம் என்றது இன்னொன்று.
மஸ்தானம்மா,
கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை சார் என்றாள்.
தெலுங்கில் ஒரு தடவை,
புரியாமல் போயிருக்குமோ என்று தமிழில் ஒரு தடவை.
"ஒருத்தி உள்ள போனா ஒருத்தி காவல் நிக்கணும்.
காவல் நிக்கிறவளுக்கு மொத பாடம் போச்சு."

ஆகட்டும், பார்க்கலாம் என்றார்.
பிஸ்கட் வந்தது.
நான் எழுதினேன்:
'பிள்ளைகள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.
சுவருக்கு மஞ்சள் என ஒருமனதாக முடிவாயிற்று.'

ஒருமனதாக.
அந்தச் சொல் என் கைக்குப் பழக்கம்,
பேனா தானாகவே போய்விடும்.

ஐப்பசியில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டார்கள்.
தரைப்பாலத்தின் மேல் ஆரணியாறு.
செயலாளர் அக்கரையில், கூட்டம் இக்கரையில்.
நடத்திடுங்க என்று போனில் சொன்னார்.
போன தடவை எழுதியதை வாசிக்கச் சொன்னாள் மஸ்தானம்மா.
வாசித்தேன்.
ஏழு பேரும் கேட்டார்கள்.
"அதுல தாழ்ப்பாள் எங்கக்கா?"

இத்தனை வருஷத்தில்
ஆடிட்டர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை.

தீர்மானப் புத்தகத்தில் அடித்து எழுதக் கூடாது.
கீழே எழுதினேன்: 'சென்ற கூட்டத்தில் விடுபட்டது.'
விடுபட்டதா, விட்டேனா,
அதற்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.
இன்னும் தமிழ் வாசிக்க வராத
ஒடிசாப் பெண் ஜோத்ஸ்னா எட்டிப் பார்த்து
இதில் எது தாழ்ப்பாள் என்றாள்.
விரல் வைத்துக் காட்டினேன்.
தன் விரலையும் அதன்மேல் ஒருதரம் வைத்துப் பார்த்தாள்.

வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் ஆசாரி வந்தார்.
மூன்று கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள்,
பளபளவென்று,
அவர் தோள் உயரத்தில்.
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குதித்துப் பார்த்தார்கள்.
எட்டவில்லை.

நாளை கூட்டம்.
நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது:
ஒன்று, தாழ்ப்பாளுக்கு நன்றி தெரிவித்தல்.
இரண்டு, இதர விஷயங்கள்.

சாயங்காலம் கூடத்தில் சத்தம்.
சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி
கை தூக்கச் சொல்லி
புது மஞ்சள் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தான் கன்னியப்பன்.
விரல் எட்டுகிற இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு பெயர்.
சுவரை நாசம் பண்ணாதே என்று சொல்லத்தான் போனேன்.

கரி தீர்ந்துபோயிருந்தது அவனுக்கு.
என் பென்சிலைக் கொடுத்தேன்.