எட்டாவது எபிசோடு

போர் முடிந்து சாம்பல் ஆறாத டோக்கியோ,
இரண்டு எஃகுக் கம்பெனிகள்.
மணலி ஷிப்ட் வேனில் ஒரே செல்போன்,
ஆறு தலை.

கடன் வாங்கி உலை மூட்டினானே, அவன்தான் ஆளு
என்கிறான் தேசிங்கு.
அவனுக்கும் மூன்று கடன்.

"சொம்மா கெட. எதிர் கம்பெனிக்காரன்
ஒருத்தனையும் வேலைய விட்டுத் தூக்கல."
இது ஃப்ளோரன்ஸ்.
போன மாதம் கேட் பாஸைப் பிடுங்கி,
வேறு கான்ட்ராக்டரிடம்
குறைந்த கூலிக்குத் திரும்பி வந்தவள்.

தோற்றவன் ஜெயித்தவனை வணங்கும்போது
கொருக்குப்பேட்டை கேட் விழுந்தது.
சிக்னலும் போய்
பாதி குனிந்த முதுகோடு நிற்கிறது படம்.

நசீமா கேட்டாள்:
"எட்டு எபிசோடா ரெண்டு மொதலாளிக்கும்
டீ வெக்குதே ஒரு பொண்ணு,
அதுக்குப் பேரே கெடையாதா?"

சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக.

டிரைவர் திரும்பாமலே சொன்னார்:
"மூணாவதுல ஒரு வாட்டி கூப்ட்டாங்கம்மா.
கிமிகோன்னு."