சனிக்கிழமைக் கூழ்

ஆறு மணிக்கு எண்டு சொன்னது.
வட்டக்கச்சியிலை ஆரும் ஏழுக்கு முன் வராயினம்.
எண்டாலும் நாலரைக்கே முத்தம் கூட்டியாச்சு.

கதிரை ஒன்பது.
எங்கடை நாலு, மிச்சம் சனசமூக நிலையத்தது.
ஒண்டுக்குக் கால் விலகும்,
அதிலை நான் இருப்பன்.

ரண்டு நாளாய் ஒரே யோசனை:
ஆருக்குப் பக்கத்திலை ஆர்?
தவநேசனும் மரியறெட்ணமும்
போன சிறுபோகத்து வாய்க்கால் தண்ணிக்குப் பிறகு
முகம் பார்க்கிறேல்லை.
நடுவிலை கிருபாலினியை விடுவம்,
அவள் வாய் திறந்தால்
மற்றவைக்குக் கோவிக்க நேரமிராது.

ஒடியல் மா விடியவே ஊறப்போட்டது.
கசப்புத் தண்ணி மூண்டுதரம் ஊத்தினேன்.
நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை,
செத்தல் மிளகாய் அரைச்ச கை இன்னும் எரியுது.
வடலி ஓலையிலை பிளா கோலி வைச்சன்,
ஆளுக்கொண்டு, மேலதிகமாய் ரண்டு.

ஏழேகாலுக்கு வந்திச்சினம்.
பின்னாலை மழை.
கதிரையளை முத்தத்திலை விட்டிட்டு
எல்லாரும் குசினிக்குள்ளை நெரிபட,
கரண்டும் போச்சு.

அடுப்பு வெளிச்சம் சட்டிக்கு மட்டும்தான் காணும்.
நான் கீறின படம் அழிஞ்சு போச்சு.
"புளி கொஞ்சம் தூக்கல்" எண்டது ஒரு குரல்.
"நண்டுக்காலை உறிஞ்சிப்போட்டுச் சொல்லு"
எண்டது பக்கத்துக் குரல்.
ஆரோ சிரிச்சினம்.
ஆரின்ரையோ பிளா ஒழுகி
ஆரின்ரையோ சாரத்திலை.

கரண்ட் வந்தோடனை
தவநேசனும் மரியறெட்ணமும்
ஒரு சாண் தள்ளி இருந்தினம்.
ஒரு சாண்தான்.

கிருபாலினி இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறாள்.
வெளியிலை, கால் விலகின கதிரையிலை
மழைத்தண்ணி குந்தியிருக்கு.
எனக்கு அடிச்சட்டிதான்,
நல்ல தடிப்பு.