உச்சவரம்பு

சுரங்கக் கம்பெனி ஒரே அச்சில் வார்த்த
இரண்டு வீடுகள் எங்கள் தெருவின் மேட்டில்.
அதே கூரைச் சரிவு, அதே பதினான்கு படிகள்.
பனி உருகும் மாதத்தில்
நிலவறையில் ஊறும் தண்ணீர்கூட
இரண்டிலும் ஒரே நாளில்தான் ஊறும்.

என்னுடையதை முப்பத்தோராயிரம் டாலருக்கு வாங்கினேன்,
தொண்ணூற்று நாலில்.
"ஹான்காக்கில் போயா வீடு?" என்று
தங்கை தொலைபேசியில் சிரித்த வருடம்.

பக்கத்து வீடு போன வருடம் விலைபோனது,
இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கு.
விற்ற கையோடு வெர்ன் ஸ்கோக்
பனிவாரியை என் வாசலில் சாய்த்துவிட்டு
அரிசோனா போய்ச் சேர்ந்தார்.
வாங்கியவர்கள் நோலனும் கெசியாவும்.
அவன் கல்லூரியில் மண் சோதிக்கிறவன்,
அவள் ஊரார் பற்களைச் சுத்தம் செய்கிறவள்.

மிச்சிகன் சட்டம் இப்படி:
வீடு கைமாறாதவரை
வரி ஆமைபோலத்தான் ஏறலாம்.
கைமாறிய மறு வருடம்
கட்டை அவிழ்த்துவிடுவார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் கடிதம் வந்தது.
பனியில் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தான் நோலன்.
நாலாயிரத்து எழுநூறு.
"ஆர்லீன், உங்களுக்கு எவ்வளவு?"

எனக்கு ஆயிரத்து இருநூற்றெண்பது.
"ஏறக்குறைய அப்படித்தான்" என்றேன்.
அடுப்பில் ஏதோ இருக்கிறவள்போல
உள்ளே போனேன்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச்சில் மறுஆய்வுக் குழு.
யார் வரியை யாரும் பார்க்கலாம் என்பது
எனக்கு மறந்துபோயிருந்தது.
அவன் சாட்சியாகக் கொண்டுபோனது
என் வீட்டின் புகைப்படம்.

குழுவில் மூன்று பேர். அதில் பெவர்லி மாக்கி,
பள்ளிச் சமையலறையில் பதினோரு வருடம்
என்னோடு உருளைக்கிழங்கு உரித்தவள்,
அன்றிரவே அழைத்தாள்.
"இரண்டு படத்தையும் ஒட்டி ஒட்டி வைத்தான்,
எது உன்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.
பதில் தபாலில் வரும் என்றோம்.
என்ன வரும் என்று அவனுக்கும் தெரியும்.
நன்றி சொல்லிவிட்டுப் போனான்."

ஏசியிருந்தால் தேவலை.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.
சரிதான்.
வெண்ணெய் வைத்த கண்ணும் எரிகிறது என்று
யாரிடம் போய்ச் சொல்ல?

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன எனக்கு.
படுக்கை மாடியில்.
கீழ்த்தெருவில், கால்வாயைப் பார்த்தபடி,
படியே இல்லாத வீடொன்று விலைக்கு வந்தது,
இதில் பாதி அளவு.
மின்கட்டண உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இதை விற்று அதை வாங்கினால் பணம் மிஞ்சும்,
ஆனால் அங்கே வரி புதிதாய்ப் பிறக்கும்:
மூவாயிரத்துச் சொச்சம்,
நான் சாகும்வரை வருடாவருடம்.
உறையைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.
ராத்திரி எடுத்து, நீவி,
மறுபடி கூட்டினேன்.
அதே தொகை.

உள்ளே வந்ததற்கு அவன் கட்டுகிறான்.
வெளியே போகாதிருக்க எனக்குச் சலுகை.

சந்தை ஏறுகிறது என்கிறார்கள்.
வாரம் ஒரு அட்டை வருகிறது, பல் தெரியச் சிரிக்கும் தரகரோடு:
உங்கள் வீட்டின் இன்றைய மதிப்பு தெரியுமா?
தெரியும்.
அதை மெத்தைக்கடியில் வைத்துக்கொண்டு
பதினான்கு படி ஏறுகிறேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி தண்ணீர் ஊறியது.
என்னிடம் இரண்டு பம்புகள்,
ஒன்று வெர்ன் விட்டுப்போனது.
அதைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு
அவர்கள் கதவைத் தட்டினேன்.
கெசியா திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் நோலன், தொடைவரை ரப்பர் காலணி.
பம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"உங்கள் பக்கம் எவ்வளவு?"

இந்தத் தடவை
அடிக்கோல் வைத்து அளந்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
"நாலரை அங்குலம்."

அவன் நிலவறைப் படியில் இறங்கி,
குனிந்து, நேரமெடுத்துப் பார்த்தான்.
"நாலரை" என்றான் கீழேயிருந்து.