முதல் கசேரை

கருங்கல் சந்தையில் வேன் வந்து நின்றது.
முட்டத்தில் படப்பிடிப்பு, கூட்டத்துக்கு ஆள் வேண்டும்,
தலைக்கு நானூறு.
சென்னைப் பையன் என்னைக் கண்ணால் ஒருமுறை அளந்தான்.
"அக்கா, உங்களுக்குத் தொள்ளாயிரம். தனி சீன்."

அண்டி ஆபீசுக்கு லீவு சொன்னேன்.
விரல் கறுப்பு மட்டும் தேங்காயெண்ணெய்க்கும் போகவில்லை.
பச்சைப் பட்டு.
விஜிலெட் தைத்த ஜாக்கெட்.
பின்னால் பிரித்துவிடத் துணி மடித்து வைத்துத்தான் தைப்பாள்,
ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

சீன் இது:
பெண் பார்க்க வருகிறார்கள்.
மாப்பிள்ளையின் தோழன் தலையைச் சீவிக்கொண்டு
வாசலைப் பார்க்கிறான்.
நான் வருகிறேன்.
காப்பித் தட்டோடு கசேரையில் உட்காருகிறேன்.
உடைகிறது.
வசனம் உண்டா என்றேன்.
"சத்தம் மட்டுந்தான். அதையும் நாங்க அப்புறம் போட்டுக்குவோம்."

"தடிய வரச் சொல்லு" என்று டைரக்டர் கத்தினார்.
தக்கலைத் தாணப்பன் ஆசாரி
ஆறடிப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.
எங்கள் பக்கம் தடி என்றால் மரம்.
பலாத்தடி, ரப்பர் தடி, அயனித் தடி.
நான் சிரித்தேன், ஆசாரி சிரிக்கவில்லை.
கேமரா அப்போது ஓடவில்லை.

ஏழு கசேரை. எல்லாவற்றிலும் பின்னங்கால் முக்கால் அறுத்தது.
முதலாவதில் உட்கார்ந்தேன்.
முனகியது. நின்றது.
"பொத்துன்னு உக்காருங்கக்கா."
பொத்தென்று உட்கார்ந்தேன்.
நின்றது.
ஆசாரிக்கு வசவு.
"ரப்பர் தடி தெகையல்ல சாரே,
ஒண்ணு மட்டும் வீட்டுல கெடந்த அயனியில செய்தேன்.
வைரம் பாஞ்ச தடி. அது விடாது."

இரண்டாவது உடைந்தது, தோழன் முந்திச் சிரித்துவிட்டார்.
மூன்றாவதில் காப்பி முழுக்கப் பட்டில்.
நாலாவதில் ஒரு ஆடு குறுக்கே போனது.
ஐந்தாவது எதற்கென்று சொல்லவில்லை.
ஆறாவது ஓகே.

இடுப்பில் தைலம் தேய்த்தபடி லைட் பையன்களிடம் சொன்னேன்:
"எனக்க கெட்டியோன் மூணு வருசம்கூட என்னைத் தாங்கல்ல மக்கா.
இந்தக் கசேரை ரெண்டு வட்டம் தாங்கிச்சு.
முன்னமே தெரிஞ்சா இதையில்லா கெட்டியிருப்பேன்."
ஒருத்தன் சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடி
சுவரில் எல்லார் நிழலும் ஆடியது.
"அங்க யாருய்யா காமெடி பண்றது?" என்றார் டைரக்டர்.

மார்த்தாண்டத்தில் படம் வந்தபோது
ஆபீஸ்காரிகள் பதினோரு பேர், ஒரே வரிசை.
நாலு செகண்ட் வந்தேன்.
யானை பிளிறியது. பாத்திரக்கடை சரிந்தது.
நான் விழுந்த சத்தம் எனக்குத் தெரியும்,
ஈரமணலில் தேங்காய் விழுந்த மாதிரி, சின்னது.
தியேட்டர் குலுங்கியது.
றெஜினாள்கூடச் சிரித்துவிட்டு
பிறகு என் கையைப் பிடித்தாள்.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை,
எட்டாங்கிளாஸ் இருக்கும், என்னைப்போல உருட்டு.
சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள்.
அப்புறம் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே
சுடிதாரை வயிற்றிலிருந்து இழுத்துவிட்டாள்.

இடைவேளையில் அவளைத் தேடினேன்.
என்ன சொல்லவென்று தெரியாது,
அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லலாம் என்றிருந்தேன்.
கிடைக்கவில்லை.

முதல் கசேரை என் வீட்டில்தான் இருக்கிறது.
அன்றைக்கே கேட்டு வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன்.
"உடைஞ்ச சாமானத்துக்கும் லக்கேஜ் உண்டு" என்றான் கண்டக்டர்.
உடையாததால்தான் கழித்தார்கள் என்றேன்.
அரை டிக்கெட் கிழித்தான்.

ராத்திரி மரச்சீனியும் சாளைக்கறியும்
அதில் உட்கார்ந்துதான் தின்கிறேன்,
இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு.
வாள் போன தடம் பின்னங்காலில் விரலுக்குத் தட்டுகிறது.
அரக்கு வைத்து அடைக்கவா என்று
ஆசாரி போன் பண்ணினார்.
கிடக்கட்டும் என்றேன்.