தொண்ணூற்றொன்பது வீதம்

சோதினைக்குக் கட்டும் காசு டொலரில்.
அதை ரூபாயாக்கிப் பார்க்கும்போதே
முதல் பாடம் முடிந்துவிடுகிறது.

பரந்தன் சந்திக்கு அப்பால்
லீசிங் கொம்பனியின் மேல்மாடியில்
ஆறு மணிக்குப் பிறகு
ஒரு மின்விசிறி எனக்காக மட்டும் சுற்றும்.
இரவுக் காவல் ஜெபநேசன் எட்டிப் பார்ப்பார்:
"அப்பிடி என்னதான் படிக்கிறியள்?"
"எவ்வளவு நட்டம் வருமெண்டு
முன்கூட்டியே சொல்லுற படிப்பு."
"அதுக்கும் சம்பளம் குடுப்பினமோ?"
கொழும்பில் குடுப்பினம்.

புத்தகம் சொல்கிறது:
நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள்
நட்டம் இந்தக் கோட்டைத் தாண்டாது.
மிச்சம் ஒரு நாள்
அடுத்த அத்தியாயத்தில்.
அதிலிருந்து கேள்வி குறைவாம்.

பகலில் கோப்புகள்.
விசுவமடு, உழவு இயந்திரம், மூன்று தவணை பிந்தியது.
தருமபுரம், ஓட்டோ, ஒழுங்கு.
ஒட்டுசுட்டான், பவளமலர், நெல் வெட்டும் மெசின்:
காணிக்கு உறுதி இல்லை, பெர்மிட் மட்டும்.
தலைமை அலுவலகத்து மொடல்
அவளைச் சிவப்பாக்குகிறது.
அவளுடைய ஊரின் தபால் இலக்கமே சிவப்பு.

நான் ஒரு நிரல் கூட்டினேன்:
அவரவர் வயலுக்குத் தண்ணி விடும் குளத்தில்
எத்தனை அடி.
சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர்தான் என்று
பங்குனியில் கூடிப் பங்கிட்ட கூட்டக் குறிப்புகளை
கமக்காரர் சங்கத்தில் இரந்து வாங்கி,
கறையான் தின்ற பக்கங்களை ஊகிக்காமல் விட்டு,
பதின்மூன்று வருடத்தைத் தட்டச்சினேன்.
நிலுவை அந்த நிரலோடு ஏறி இறங்கிற்று.
ஊர்ப்பெயரோடு அல்ல.

இடர்ப் பகுப்பாய்வாளர் வேலைக்கு
ஸூமில் நேர்முகம்.
திரையில் மூன்று பேர்.
"இந்த 'அடி' என்பது ஏதும் சுட்டெண்ணா?"
"குளம், சேர். தண்ணீர்."
ஒருவர் சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை.
மற்றவர் கேட்டார்:
"தரவு ஏன் இரண்டாயிரத்துப் பத்தில் தொடங்குகிறது?
அதற்கு முந்தியது எங்கே?"

கரண்ட் போகவில்லை.
இணைப்பும் அறவில்லை.
நான்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பதிவுகள் இல்லை, சேர்."
குறித்துக்கொண்டார்.
தரவுக் குறைபாடு என்று எழுதியிருப்பார்;
நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பதில் இன்னும் வரவில்லை.
இன்று பவளமலரின் கோப்பில்
மொடலின் சிவப்புக்குப் பக்கத்தில்
கடன் கொடுக்கலாம் என்று எழுதி
காரணமும் எழுதினேன், ஒரே வரி:
முத்தையன்கட்டு, இருபத்தொரு அடி.

பிழைத்தால்
கீழே என் பெயர் இருக்கிறது.