நம்பகத்தன்மை: ஐந்துக்கு எத்தனை?

டண்டினோங் நூலகத்தின் பின்னறையில்
ஏர்கண்டிஷனர் இருமிக்கொண்டிருக்கும் ஜனவரி.
வெளியே நாற்பத்தொரு பாகை.
மேசையில் பதினொரு நாவல்கள்.
பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்காரருக்கு
வாங்கலாமா வேண்டாமா, நான் சொல்லவேண்டும்.

படிவத்தில் கட்டங்கள்:
இரத்தம். முத்தம். கெட்ட வார்த்தை. மந்திரம்.
கடைசியில், நம்பகத்தன்மை.

முதலாவதில் ஒரு பேய்
சப்பாத்து வாங்கக் கடைக்குப் போகிறது.
பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று
கேட்டு வளர்ந்தவளுக்கு
அளவு எட்டா எட்டரையா என்ற பக்கத்தில்
சிரிப்பு வந்துவிட்டது. வாங்கலாம்.

நான்காவதில் முந்நூறு வயது இறக்கைக்காரன்
பத்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.
முந்நூறு வருஷத்தில் கணக்குப் பாடம்கூடவா முடியவில்லை?
முன்மேசைக்காரியின் பின்னலைப் பார்த்துப் பெருமூச்சு வேறு.
'கிழவா, எழுந்து போ' என்றொரு கட்டம் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

ஏழு, எட்டு, ஒன்பது ஒரே தொடர்.
செத்த மந்திரவாதி பாகத்துக்குப் பாகம்
முருங்கைமரம் ஏறுகிறான்.

பத்தாவதுதான் எனக்குப் பிடித்தது.
சலவை இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்தால்
இன்னொரு நாடு. இரண்டு நிலா, உப்பு மழை.
குண்டு விழும் தெருவிலிருந்து ஒரு பெண்
தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறாள்.
இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.
நம்பகத்தன்மைக்கு ஐந்து. பேனாவால்.

வெள்ளிக்கிழமை வாசகர் குழு.
பீட்சாப் பெட்டியின் மேல் வைத்தே
பிள்ளைகள் சீட்டு எழுதுவார்கள்.
டெங்: 'டிராகன் நல்லது. இன்னும் ரெண்டு தேவை.'
ஸஹ்ரா, பதினாலு வயது,
சீட்டை நாலாக மடித்துத் தந்தாள்.

'நுழைந்ததும் சூப் கொடுக்கிறார்கள்.
பேரை யாரும் மூன்று தரம் கேட்கவில்லை.
பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம்
ஜனவரி ஒன்று என்று எழுதவில்லை.
தம்பியை வேறு அறைக்குக் கூட்டிப்போய்
அதே கேள்வியைக் கேட்கவில்லை.
இரண்டு நிலாவை நம்புகிறேன்.
இதை நம்பவில்லை. ஐந்துக்கு ஒன்று.'

கீழே, வேறு மையில்:
'ஆனால் வாங்குங்கள். இரண்டு பிரதி.
ஒன்றை நான் திருப்பித் தர நாளாகும்.'

அந்த அறை எனக்கும் தெரியும்.
நீல நாற்காலி. பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர்.
மொழிபெயர்ப்பாளர் என் அழுகையை
'ஆம்' என்று சொன்னார்.
நானூறு பக்கம் படித்த நேரத்தில்
எப்படி அது ஞாபகம் வராமல் போனது?
வராமல் போனதற்குத்தான்
ஐந்து போட்டேனோ என்னவோ.

ஐந்தை வெட்ட மனம் வரவில்லை.
பக்கத்தில் ஒன்றையும் எழுதி அனுப்பினேன்.
திங்கள் காலை மேலாளர் ஃபோன் செய்தார்:
'ஐந்துக்கு ஐம்பத்தொன்றா?'
'ஆம்' என்றேன்.

பதினொன்றாவதை இன்னும் திறக்கவில்லை.
அட்டையில் ஓநாய்.